பூட்டில் சிக்கிய போலிச் சாவி

நம் உடம்பில் ரத்த அணுக்கள் எங்கே பிறக்கின்றன, சொல்லுங்கள் பார்ப்போம். இதயத்திலா? இல்லை, எலும்புக்குள்ளே! எலும்பின் நடுவே இருக்கும் மஜ்ஜைதான் அவற்றின் பிறப்பிடம். சிவப்பணு பிராணவாயுவைச் சுமக்கும். வெள்ளணு கிருமிகளோடு மல்லுக்கு நிற்கும். தட்டணு, அடிபட்ட இடத்தில் ரத்தத்தை உறைய வைக்கும்.

சில குழந்தைகளுக்கு மஜ்ஜையில் உள்ள இளம் வெள்ளணு ஒன்று தடம் மாறிவிடுகிறது. அது முதிர்வதும் இல்லை, வேலை செய்வதும் இல்லை. 2, 4, 8, 16 என்று பெருகிக்கொண்டே போகிறது. நல்ல அணுக்கள் பிறக்க இடமே இல்லாமல் போகிறது. சிவப்பணு குறைவதால் முகம் வெளுக்கும். நல்ல வெள்ளணு குறைவதால் காய்ச்சல் விடாமல் வரும். தட்டணு குறைவதால் ஈறில் ரத்தம் கசியும். அடிபடாமலே தோலில் நீலத் திட்டுகள் தோன்றும். இதுதான் லுகேமியா என்னும் ரத்தப் புற்றுநோய். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் இதுவே அதிகம்.

உடனே பயந்துவிடாதீர்கள். காய்ச்சலுக்கு எத்தனையோ காரணங்கள் உண்டு. அதனால்தான் மருத்துவர்கள் ஊகித்துச் சொல்வதில்லை, சோதித்துச் சொல்கிறார்கள். முதலில் ரத்தப் பரிசோதனை. அதில் சந்தேகம் வந்தால், வலி தெரியாமல் இருக்க மருந்து கொடுத்துவிட்டு, இடுப்பெலும்பிலிருந்து ஊசியால் கொஞ்சம் மஜ்ஜையை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள்.

இந்த நோய்க்கு முதல் மருந்து கிடைத்த கதை சுவையானது. கீரையில் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின் இருக்கிறது. அணு இரண்டாகப் பிரிய இது கட்டாயம் வேண்டும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இருந்த சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், லுகேமியா வந்த குழந்தைகளுக்கு இந்த வகை வைட்டமினைக் கொடுத்துப் பார்த்தார். நோய் குறையவில்லை, இன்னும் வேகமெடுப்பதாக அவருக்குப் பட்டது. அப்படியானால் அந்த வைட்டமினைத் தடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்தார்.

தடுக்கும் பொருளைச் செய்து தந்தவர்கள் லெடர்லி ஆய்வகத்தில் எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில் இருந்த விஞ்ஞானிகள். சுப்பாராவ் ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அந்தக் குழு ஃபோலிக் அமிலத்தில் ஒரு சின்ன மாற்றம் செய்து அமினோப்டெரினை உருவாக்கியது. போலிச் சாவி பூட்டுக்குள் போகும். ஆனால் திறக்காது, சிக்கிக்கொள்ளும். அமினோப்டெரினும் அப்படித்தான். அணு அதை வைட்டமின் என்று நம்பி ஏற்றுக்கொள்கிறது. அதன்பின் பிரிய முடியாமல் நின்றுவிடுகிறது. ஃபார்பர் அதை 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் பின்வாங்கியது. 1948-இல் அந்த முடிவு வெளியானது. சில மாதங்களில் நோய் திரும்பி வந்தது உண்மைதான். ஆனாலும், மருந்தால் இந்த நோயை அடக்க முடியும் என்பது உலகுக்குத் தெரிந்துவிட்டது. அமினோப்டெரினின் தம்பியான மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் பயன்படுகிறது. நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வந்த வின்கிரிஸ்டினும் அதற்குத் துணை நிற்கிறது. இப்படிப் பல மருந்துகளைச் சேர்த்து, இரண்டு மூன்று ஆண்டுகள் கொடுக்கிறார்கள். வசதியான நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 100-க்கு 80 பேருக்கு மேல் குணமடைகிறார்கள்.

ஆனால் மருந்துக்கு ஒரு குறை உண்டு. வேகமாகப் பிரியும் அணு எதுவானாலும் அதைத் தாக்கும். முடியின் வேரிலும் வாயின் உட்புறத்திலும் உள்ள நல்ல அணுக்களும் வேகமாகப் பிரிபவைதான். அதனால் முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது. கிருமியோடு போராடும் வெள்ளணுக்களும் குறைந்துவிடுகின்றன. சிகிச்சை முடிந்ததும் முடி மறுபடி வளரும். அதுவரை குழந்தையைக் காப்பது யார்?

நர்ஸ் அக்காக்கள்தான்! குழந்தையைத் தொடும் முன் ஒவ்வொரு முறையும் கை கழுவுவார்கள். மென்மையான பிரஷ்ஷால் பல் தேய்க்கச் சொல்வார்கள். வாய் கொப்பளிக்க வைப்பார்கள். மருந்தின் பெயரையும் அளவையும் இன்னொருவரோடு சேர்ந்து சரிபார்த்த பிறகே ஏற்றுவார்கள். அடிக்கடி காய்ச்சல் பார்ப்பார்கள். மற்ற பிள்ளைகளுக்கு 100.4 டிகிரி சாதாரணக் காய்ச்சலாக இருக்கலாம். வெள்ளணு குறைந்த பிள்ளைக்கோ அது அவசரம். விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே டாக்டரை அழைப்பார்கள்.

உங்கள் வகுப்பிலும் இப்படி ஒரு நண்பர் சிகிச்சைக்குப் பிறகு திரும்பி வரலாம். புற்றுநோய் ஒட்டிக்கொள்ளாது; பக்கத்தில் உட்காரலாம், பேசலாம், சேர்ந்து விளையாடலாம். ஆனால் உங்களிடமிருந்து அவருக்குக் கிருமி போகக்கூடும். அதனால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உங்களுக்குச் சளியோ அம்மையோ வந்தால் வீட்டிலேயே இருங்கள், ஆசிரியரிடமும் சொல்லிவிடுங்கள்.