புண்பட்ட கையும் தூரிகையும்

போரிற் புண்பட்டு மீண்ட வீரனைப் பண்டைத் தமிழ் மகளிர் பேணிய முறையைப் புறநானூற்றின் 281ஆம் பாட்டால் அறிகின்றோம். மனையில் வேப்பிலை செருகி, வெண்சிறுகடுகு தூவி, யாழும் பிற கருவிகளும் ஒலிக்கக் காஞ்சிப் பண் பாடி அவர்கள் அவன் புண்ணைக் காத்தனர். புண்ணுக்கு மருந்து வேண்டும், இசை எதற்கு? உடற்புண் ஆறினும் உள்ளத்துப் புண் ஆறாது நிற்றல் கூடும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர் போலும்.

பிறர் பாடக் கேட்டு ஆறுதல் பெறுவது ஒருவகை. புண்பட்டவனே கலைஞனாகித் தன் புண்ணைத் தானே ஆற்றிக்கொள்வது மற்றொருவகை. இவ்விரண்டாம் வகைக்கு அமெரிக்க ஓவியர் ஹோரஸ் பிப்பின் என்பாரின் வாழ்க்கை தக்க சான்றாகும். அதனைச் சுருக்கமாக ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

பென்சில்வேனியா மாகாணத்து வெஸ்ட் செஸ்டர் என்னும் ஊரில், 1888ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 22ஆம் நாள், கறுப்பினத்து ஏழைக் குடும்பமொன்றில் இவர் பிறந்தார். சிறுவயதில் படம் வரையும் போட்டியொன்றில் வண்ணக்கோல்களையும் தூரிகைகளையும் பரிசாகப் பெற்றார். ஓய்வுநாட் பாடசாலை விழாவுக்காகத் துணித் துண்டுகளில் வேதாகமக் காட்சிகளைத் தீட்டிக் கொடுத்தார். அவற்றை வாங்கிய மாதொருத்தி துணியைத் துவைத்தபோது படமெல்லாம் நீரோடு போயின என்பர். பின்னர்ப் பள்ளியை விட்டு, விடுதியொன்றில் சுமை தூக்குதல் முதலிய வேலைகளைச் செய்து காலங்கழித்தார்.

1917இல் பிப்பின் படையிற் சேர்ந்தார். கறுப்பினத்தவரையும் வெள்ளையரையும் ஒரே அணியில் நிறுத்த அக்காலத்து அமெரிக்கப் படை உடன்படவில்லை. ஆதலின் அவர் சேர்ந்த 369ஆம் காலாட்படை பிரெஞ்சுப் படையோடு இணைக்கப்பட்டு, 191 நாட்கள் போர்முனையில் நின்றது. 1918ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில், மறைந்திருந்து சுட்ட பகைவனது குண்டு அவரது வலத்தோளைச் சிதைத்தது. குழியொன்றில் வீழ்ந்து கிடந்த அவருக்கு உதவ நெருங்கிய பிரெஞ்சு வீரர் ஒருவரும் சுடப்பட்டு, அவர் மீதே பிணமாக வீழ்ந்தார். அப்பிணத்தை அகற்றவும் வலிமையின்றி அவர் கிடந்தார். உயிர் தப்பியும், வலக்கையைத் தோளுக்கு மேல் உயர்த்தும் ஆற்றல் அவருக்கு மீளவில்லை.

ஊர் திரும்பியவருக்கு அரசாங்கம் சிறு உபகாரச் சம்பளம் அளித்தது. 1920இல் மணந்த மனைவியார் பிறர் துணிகளை வெளுத்துக் கொடுக்க, அவற்றைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இவர் தொழிலாயிற்று. ஆயினும், போர் அவரை விட்டு அகலவில்லை. போர்க்கள நினைவுகளைக் குறிப்பேடுகளில் எழுதிப் பார்த்தார்; எழுத்து மட்டும் போதவில்லை. அடுப்பிற் காய்ந்து சிவந்த இரும்புக்கோலைக் கண்டபோது அவருக்கு ஒரு வழி தோன்றிற்று. கோலைப் பற்றிய வலக்கையை முழங்காலின்மேல் ஊன்றி அசையாது நிறுத்திக்கொண்டு, இடக்கையால் மரப்பலகையை அக்கோலின்மேல் நகர்த்தினார். கை செல்ல மாட்டாத இடத்திற்குப் பலகை சென்றது! சுட்ட கோடுகள் படமாயின. இளமையில் வரைந்தவை நீரில் அழிந்தன. இவையோ நெருப்பால் எழுதப்பட்டமையின் நிலைத்தன.

இப்பயிற்சியாற் கை சிறிது உரம் பெற, வலமணிக்கட்டை இடக்கையால் தாங்கிக்கொண்டு தூரிகை பிடிக்கலானார். 1930இல் தொடங்கிய முதல் எண்ணெய் வண்ண ஓவியம் முடிய ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் சென்றன. 'போரின் முடிவு: வீடு நோக்கிப் புறப்பாடு' என்பது அதன் பெயர். பெயரில் வீடு உண்டு, படத்தில் வீடில்லை. வெடிக்கும் குண்டுகளும், எரிந்து வீழும் விமானங்களும், முள்வேலியும், கையுயர்த்திச் சரணடையும் ஜெர்மானிய வீரருமே உளர். வண்ணத்தின்மேல் வண்ணமாகப் பன்முறை பூசியமையால் படம் தடித்து மேடிட்டது. சட்டத்தின்மேலும் கையெறிகுண்டு, துப்பாக்கி, தலைச்சீரா முதலியவற்றைச் செதுக்கிப் பதித்தார். வீடு திரும்பிப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரே அவரது உள்ளம் வீடு நோக்கிப் புறப்பட்டது எனலாம்.

1937இல் ஊர்க் கலைஞர் கண்ணில் அவர் ஓவியங்கள் பட்டன. மறு ஆண்டே அவற்றுள் நான்கு நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தில் இடம்பெற்றன. 1946இல் மறையுமுன் ஏறத்தாழ 140 படைப்புகளை அவர் ஆக்கினார்.

அவற்றுள் 'பரிசுத்த மலை' என்னும் வரிசை நம் சிந்தைக்கு உரியது. ஏசாயா தீர்க்கதரிசியின் 11ஆம் அதிகாரத்தில் வரும் அமைதி மலையை அவர் தீட்டினார். ஓநாயும் ஆட்டுக்குட்டியும், சிறுத்தையும் வெள்ளாட்டுக்குட்டியும் பகையின்றி ஒருங்கு வாழ, நடுவே வெண்ணுடை மேய்ப்பர் நிற்கின்றார். ஆனால் பின்னுள்ள இருண்ட காட்டை உற்றுநோக்கின், மரங்களினூடே சிறு சிலுவைகளும் படைவீரரின் நிழலுருவங்களும் தென்படும். முதற் படத்தில் அவர் பொறித்த நாள் 1944 ஜூன் 6. நேச நாட்டுப் படைகள் நார்மண்டிக் கரையில் இறங்கிய நாள். மூன்றாவதிற் பொறித்தது 1945 ஆகஸ்டு 9. நாகசாகி நகர்மீது அணுகுண்டு வீழ்ந்த நாள்.

அமைதியைத் தீட்டுங்காலும் அவர் போரை மறந்தாரல்லர். புண் ஆறுதல் என்பது மறத்தலே என்று நாம் பலகால் எண்ணுகின்றோம். துன்புற்றாரிடம், "மறந்துவிடு" என்று எளிதிற் கூறியும் விடுகின்றோம். பிப்பினுக்கு மறதி வாய்க்கவில்லை. கையும் முற்றக் குணமாகவில்லை. அவர் பெற்றது வேறு. தம்மை ஆட்டிவைத்த காட்சியைத் தாமே ஒரு சட்டத்துள் நிறுத்தி, அஞ்சாது நோக்கும் ஆற்றலைப் பெற்றார். போரே தம்முள் இருந்த கலையை வெளிக்கொணர்ந்தது என்றும் பின்னாளில் அவர் கூறினார்.

அன்பர்களே, நம்மிடையேயும் புண்பட்டு வாழ்வார் உளர். அவரிடம் மறக்கச் சொல்லுதலை விடுத்து, அவர் காட்ட விரும்புவதை உடனிருந்து பொறுமையோடு காண்போமாக. யாழெடுத்துப் பாடத் தெரியாத நம்மாலும் செய்யத்தக்க காவல் அதுவேயாகும்.