பியூஸுக்குள் ஒரு வெள்ளீயப் பொட்டு

வாழைச்சேனை வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய பழைய அம்ப்ளிபயரில் 2 அம்பியர் பியூஸ் அடிக்கடி போகிறதாம். கடைக்காரர் 5 அம்பியர் போடச் சொல்கிறார். கனடாவிலிருக்கும் மைத்துனரோ தங்கமுலாம் பூசிய பியூஸ் அனுப்புகிறேன், பாட்டே வேறு மாதிரிக் கேட்கும் என்கிறார். யார் சொல்லைக் கேட்பது?

இரண்டு பேர் சொல்லையும் கேட்க வேண்டாம்.

அம்ப்ளிபயரைப் போட்ட கணத்தில் ட்ரான்ஸ்போமரும் வெறுமையாகக் கிடக்கும் கப்பாசிற்றர்களும் வழமையைவிடப் பல மடங்கு கரண்டை இழுக்கும். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படுமுன், வாவியைக் கடக்கும் ‘பாதை’ என்ற மிதவைப்படகு கரை தொட்டதும் சனம் சைக்கிளும் மூட்டையுமாக முண்டியடித்து ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். அந்த நெரிசலைக் கலவரம் என்று எண்ணித் துறையை மூடிவிட முடியுமா? பியூஸுக்கும் அந்தப் பொறுமை வேண்டும். அதனால்தான் பெரும்பாலான அம்ப்ளிபயர்களில் மெதுவாக அறுகிற ரகத்தைப் போடுகிறார்கள். அதன் மூடியில் ‘ரி’ என்ற ஆங்கில எழுத்து இருக்கும். சட்டென்று அறுவதற்கு ‘எஃப்’. வாசகரின் பெட்டியில் யாரோ ரி இருந்த இடத்தில் எஃப் போட்டிருக்கலாம்.

இந்தப் பொறுமை வருகிற விதம்தான் எனக்கு அலுக்காத விந்தை. சில மெது பியூஸ்களை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கம்பியின் நடுவில் சின்னதாக ஒரு பொட்டுத் தெரியும். அது வெள்ளீயம். செம்பு உருக 1085 பாகை செல்சியஸ் வேண்டும், வெள்ளீயத்துக்கு 232 போதும். கரண்ட் அளவு மிஞ்சி நெடுநேரம் ஓடினால் பொட்டு உருகி, தன்னைத் தாங்கிய செம்பையே தனக்குள் கரைத்துக்கொள்ளும். செம்பு தன் உருகுநிலையை எட்டுமுன்பே கம்பி அறுந்துவிடும். கணநேர நெரிசலில் பொட்டு சூடேற அவகாசமில்லை, பியூஸ் தப்பிவிடும். நேரடி ஷோர்ட் வந்தாலோ பொட்டுக்குக் காத்திராமல் கம்பியே உருகும். 1939இல் மெட்காஃப் என்பவர் இதை விளக்கி எழுதினார். அவர் பெயரின் முதலெழுத்தால் எம் விளைவு என்கிறார்கள்.

இவ்வளவு கணக்காகச் செய்த பொருளின் இடத்தில் நம்மவர்கள் சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றுகிறார்கள், வயரில் ஓர் இழையை உருவிக் கட்டுகிறார்கள். கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும்போது ஒலிபெருக்கி நின்றுபோனால் வரும் அவசரம் விளங்குகிறது. ஆனால் அந்தத் தாள் எத்தனை அம்பியரில் உருகும் என்று கட்டினவருக்கே தெரியாது. அது உருகாவிட்டால் எரிவது ட்ரான்ஸ்போமர், சில வேளை வீடு. 5 அம்பியரும் இதே பிழைதான். மணல் நிறைத்த பீங்கான் பியூஸுக்குப் பதில் கண்ணாடி போடுவதும் ஆகாது. அந்தப் பீங்கான் 1500 அம்பியர் ஷோர்ட்டையும் அறுத்து அணைக்கும். சாதாரணச் சிறு கண்ணாடிக் குழாய்க்கு 35 அம்பியர்தான் உத்தரவாதம்.

தங்கமுலாம் விஷயம். நூறு டொலருக்கு மேலும் விற்கிறார்கள். தெருக்கம்பியில் கிலோமீற்றர் கணக்கில் ஓடிவந்த கரண்டை 20 மில்லிமீற்றர் துண்டு ஒன்று சுத்தமாக்காது. பியூஸுக்குத் திசை உண்டென்று அம்புக்குறியும் போடுகிறார்கள். வீட்டுக் கரண்டோ நொடிக்கு 100 தடவை திசை மாறுவது. ஸ்பீக்கர் வழியிலேயே பியூஸ் இருந்தால், பலத்த பாஸ் ஒலியில் கம்பி சூடேறித் தடை மாறும், ஒலி சற்றுச் சிதையும். அது அளந்து காட்டக்கூடிய உண்மை. முலாம் அதையும் தீர்க்காது.

வாவியோரத்தில் இருக்கும் நாங்கள் கவனிக்க வேண்டியது பியூஸைப் பிடித்திருக்கும் கவ்வியை. உப்புக்காற்றில் அது களிம்பேறி, தொடுகை கெட்டு, சூடாகி, நல்ல பியூஸையும் முன்கூட்டியே அறுத்துவிடும். பிளக்கைக் கழற்றிவிட்டுத் துடையுங்கள், தளர்ந்திருந்தால் மாற்றுங்கள். மூடியில் உள்ள எழுத்தும் எண்ணும் அப்படியே இருக்கும் பியூஸை வாங்குங்கள். அதுவும் அறுந்தால் இன்னொன்று போடாமல் அம்ப்ளிபயரைத் திருத்தக் கொடுங்கள்.