ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்?

அரசுப் பேருந்துப் பணிமனைகளில் ஒரு கணக்கு உண்டு. வண்டி ஓடிய தூரத்தை அதற்கு ஊற்றிய டீசலால் வகுப்பார்கள். விடை லிட்டருக்கு 5 கிலோமீட்டர் அளவில் வரும். சிறு பிள்ளைகள் போடும் வகுத்தல்தான். ஆனால் அந்த எண் குறைந்தால் ஓட்டுநர் பதில் சொல்ல வேண்டும். ஆகவே, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று பார்ப்போம்.

ஓட்டுநருக்கு எதிரே உள்ள டீசல் முள்ளைப் பார்த்தால் போதாதா என்று கேட்பீர்கள். அந்த முள், தொட்டிக்குள் இருக்கும் ஒரு மிதவையைப் பின்பற்றி நகர்வது. மேட்டில் ஏறும்போது டீசல் ஒரு பக்கம் சாயும். முள்ளும் பொய் சொல்லும். எனவே வண்டி பணிமனைக்குத் திரும்பியதும் தொட்டியை வாய்வரை நிரப்புகிறார்கள். நேற்றும் வாய்வரை நிரப்பியிருந்தால், இன்று ஊற்றிய அளவே இன்று செலவான அளவு அல்லவா?

இதிலும் பிழை நுழையும். 300 கிலோமீட்டர் ஓடிய வண்டி 60 லிட்டர் செலவழித்தது என்று கொள்வோம். விடை 5. நேற்று நிரப்பியவர் அவசரத்தில் 2 லிட்டர் குறைத்து விட்டிருந்தால், இன்று 62 லிட்டர் பிடிக்கும், விடை 4.84 ஆகிவிடும். ஓட்டுநர் ஒரு பாவமும் அறியார்! ஆனால் 25 நாள்களை ஒன்றாகக் கூட்டினால் டீசல் 1,500 லிட்டர். அதில் இந்த 2 லிட்டர் தெரியவே தெரியாது. ஒரே நாள் எண்ணை வைத்து ஒருவரைக் குறை கூறுவது அளவியலுக்கே விரோதம் என்பேன்.

இப்போது சில லாரிகளின் தொட்டியில் மின்தேக்கி வகை உணர்கருவி பொருத்துகிறார்கள். காற்றின் மின்காப்பு மாறிலி ஏறத்தாழ 1. டீசலுக்கோ 2-ஐ ஒட்டியது. டீசல் மட்டம் இறங்க இறங்க மின்தேக்குத்திறன் குறையும். நின்றுகொண்டிருக்கும் வண்டியில் மட்டம் சட்டென்று இறங்கினால், யாரோ குழாய் போட்டு உறிஞ்சுகிறார்கள் என்று சந்தேகிக்கலாம்.

சரி, டீசல் எங்கே போகிறது? பயணிகளோடு 15 டன் எடையுள்ள பேருந்து 40 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது விநாடிக்குச் சுமார் 11 மீட்டர் வேகத்தில் செல்கிறது. அதன் இயக்க ஆற்றலைக் கணக்கிட்டுப் பாருங்கள்: ஏறத்தாழ 9 லட்சம் ஜூல். பிரேக் போட்டதும் இது முழுவதும் வெப்பமாகிப் போகிறது. ஒரு லிட்டர் டீசலில் சுமார் 360 லட்சம் ஜூல் உண்டு. எஞ்சின் அதில் மூன்றில் ஒரு பங்கை வேலையாக மாற்றினால் 120 லட்சம். ஆக, ஒருமுறை நின்று மீண்டும் அதே வேகத்தை எட்ட 75 மில்லி லிட்டர் வேண்டும். 60 நிறுத்தங்கள் என்றால் நாலரை லிட்டர்!

இதனால்தான் நகரப் பேருந்தையும் வெளியூர்ப் பேருந்தையும் ஒரே தராசில் நிறுத்தக்கூடாது. நிறுத்தம் வருமுன்பே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் தானே தணிய விடுபவர் டீசலை மிச்சப்படுத்துகிறார். ஆனால் இறக்கத்தில் கியரை நியூட்ரலில் தள்ளுவது ஆபத்து, சிக்கனமும் அன்று. கியரில் இருந்தால் சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றும். புதிய எஞ்சின்களில் அப்போது டீசல் பாய்வது நின்றுவிடும்.

எண் குறைந்தால் காரணத்தை எப்படிப் பிரித்தறிவது? ஓட்டுநர்களை வண்டி மாற்றி ஓட்டச் செய்தால் போதும். யார் ஓட்டினாலும் ஒரு வண்டி மட்டும் அதிகம் குடித்தால், கோளாறு வண்டியில். டயரில் காற்றுக் குறைவாக இருக்கலாம். பிரேக் முழுதும் விடாமல் உரசிக்கொண்டிருக்கலாம். அப்படி உரசினால், வண்டி வந்து நின்றதும் அந்தச் சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோனாலே மற்றவற்றைவிட அதிகச் சூடு தெரியும்.