குழந்தைக்கு எந்தப் புத்தகம்? அஞ்சு விரலே சொல்லும்!

காஞ்சிபுரத்தில் தறியில் உட்கார்ந்துவிட்டால், பக்கத்தில் இருந்து படித்துக்காட்ட நேரம் கிடைப்பதில்லை. ஆகவே குழந்தை தானே படிக்கக்கூடிய புத்தகமாகத் தேர்ந்தெடுங்க. ஒரு பக்கத்தை உரக்கப் படிக்கட்டும். தடுமாறும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரலை மடக்கட்டும். அஞ்சும் மடங்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். வற்புறுத்தினால், ‘எனக்குப் படிக்கவே வராது’ என்று குழந்தை ஒதுங்கிவிடும்.

அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என 4 நிலைகளில் உள்ளன, ஆசிரியரிடம் கேளுங்க. செல்போனில் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்திலும் தமிழ்க் கதைகள் நிலைவாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன. எந்த வகுப்பு என்று பார்க்காதீங்க. எந்த நிலையில் தடையின்றிப் படிக்கிறது என்று பாருங்க. நெய்துகொண்டே காது கொடுத்தால் போதும், தெரிந்துவிடும்.