பத்தடிக் காம்பராவில் எத்தனை ஸ்பீக்கர்?

தேயிலைத் தோட்டத்து லயன் காம்பரா என்றால் பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. கோப்பிக் காலத்திலிருந்து கைமாறி வந்த கணக்கு அது. தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும் ஹட்டன் கடைத்தெருவிலிருந்து ஒரு ஹோம் தியேட்டர் செட் அந்த அறைக்குள் வந்து இறங்குகிறது. பெட்டிக்குள் ஐந்து சிறிய ஸ்பீக்கர், ஒரு சப் ஊஃபர். பெட்டியின் மேல் ஆயிரக்கணக்கில் வாட். அன்றிரவே அறை அதிர்கிறது, ஆனால் பேச்சு விளங்குவதில்லை. வசனம் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டினால், அடுத்த சண்டைக் காட்சியில் பக்கத்துக் காம்பராக் குழந்தை எழுந்துவிடுகிறது. ஸ்பீக்கரில்தான் பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பெரும்பாலும் அதில் ஒரு பழுதும் இருப்பதில்லை. அந்த அறைக்கு அந்த செட் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே அறையிலிருந்தே தொடங்குவோம். ஒலியின் வேகம் காற்றின் வெப்பத்தைப் பொறுத்தது. நுவரெலியாவின் 16 பாகைக் குளிரில் அது நொடிக்குச் சுமார் 341 மீட்டர், கொழும்பின் 30 பாகைப் புழுக்கத்தில் 349 மீட்டர். பன்னிரண்டு அடி என்பது 3.66 மீட்டர். இந்த நீளத்துக்குள் சரியாக அரை அலை அடங்கும் ஒலியின் அதிர்வெண் 47 ஹெர்ட்ஸ். பத்தடி அகலத்துக்குள் அடங்குவது 56 ஹெர்ட்ஸ். இவை எதிரெதிர்ச் சுவர்களில் பட்டுத் திரும்பி, தம்மீதே விழுந்து, அறைக்குள் நிலைகொண்டுவிடும். பள்ளிக்கூடத்தில் நிலை அலை என்று படித்தது இதைத்தான். சுவரோரம் அழுத்தம் உச்சத்தில் இருக்கும், நடு அறையில் ஏறக்குறைய இல்லாமலே போகும். அதனால்தான் சுவரோரக் கட்டிலில் சாய்ந்திருப்பவருக்கு பேஸ் குமுறுகிறது, நடுவில் நாற்காலி போட்டவருக்கு அதே காட்சி சப்பென்று கழிகிறது. பேஸ் கித்தாரின் மிகத் தடித்த கம்பி அதிர்வது 41 ஹெர்ட்ஸில். படத்தில் வரும் இடியும் வெடியும் இந்த வட்டாரத்தில்தான் உறுமுகின்றன.

இவ்வளவு சிறிய அறையில் ஏறத்தாழ 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே நம் காதில் விழுவதைத் தீர்மானிப்பது ஸ்பீக்கரைவிட அறைதான். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஸ்பீக்கரும் இதற்கு விலக்கில்லை. இருக்கையைப் பின்சுவரோடு ஒட்டியும் வைக்காமல், நட்டநடுவிலும் வைக்காமல், இரண்டு மூன்று அடி முன்னே இழுத்துப் போட்டுக் கேட்டுப் பாருங்கள். செலவில்லாமல் கிடைக்கும் முன்னேற்றம் அது.

அடுத்தது எதிரொலி. சிமெந்துத் தரை, பூசிய சுவர், மேலே தகரம். அறை நடுவில் நின்று ஒரு தடவை கைதட்டுங்கள். டர்ர் என்று ஒரு வால் நீண்டால், அந்த வால் படத்தின் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஒட்டிக்கொள்ளும். 1895ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இதே சிக்கல் வந்தது. ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை மண்டபத்தில் பேசுவது யாருக்கும் விளங்கவில்லை. சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியலாளரிடம் வந்தது. பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்துவந்து மண்டபத்தில் அடுக்கி, ஆர்கன் குழாயின் ஒலி அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று அளந்துகொண்டே இருந்தார். மெத்தை கூடக்கூட முழக்கம் தேய்ந்தது. அறை ஒலியியல் என்ற துறையே அந்த இரவுகளில் பிறந்ததுதான்.

மலைநாட்டில் மெத்தை தேடிப் போகவேண்டியதில்லை, கம்பளி இருக்கிறது. ஸ்பீக்கரின் ஒலி பட்டுத் தெறிக்கும் பக்கச் சுவரில், சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் இடைவெளி விட்டு, ஒரு தடித்த கம்பளியைத் தொங்கவிடுங்கள். தரையில் கனமான விரிப்பு ஒன்றைப் போடுங்கள். பேச்சு தெளிவதை அன்றே உணரலாம். ஆனால் பேஸுக்கு இது மருந்தாகாது. 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 7 மீட்டர், கம்பளி அதற்கு ஒரு பொருட்டே இல்லை. முட்டை அட்டைகளைச் சுவரெங்கும் ஒட்டுவதும் வீண்வேலை.

எதிரொலியைவிடப் பெரிய எதிரி கூரை. மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் தகரத்தின் மேல் மழை விழும் சத்தம் அறைக்குள் 70 டெசிபலைத் தொடுவது சாதாரணம். சாதாரணப் பேச்சு 60 டெசிபல்தான். மழைக்கு மேலாக வசனம் தெளிவாக விளங்க அது 80ஐத் தாண்டவேண்டும். இங்கே பலரும் பேஸைக் கூட்டுகிறார்கள். அது பயன்படாது. க், ச், ட், த் போன்ற மெய்யொலிகளின் தெளிவு 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இருக்கிறது. மழைச் சத்தமும் அந்தப் பகுதியையே மூடுகிறது. கூட்டவேண்டியது வசனம் வரும் நடு ஸ்பீக்கரை. அதைவிட நல்ல வழி, தகரத்துக்குக் கீழே பலகை அடித்து இடையில் பஞ்சு வகை ஏதாவது வைப்பது. ஒரு செட் வாங்க இருந்த பணத்தில் பாதியைக் கூரைக்குச் செலவிட்டவர் நட்டப்படமாட்டார் என்பது என் கருத்து. குளிருக்கும் அது நல்லது.

இனி வாட். ஸ்பீக்கரின் பின்பக்கத்திலோ கையேட்டிலோ '87 டெசிபல், 1 வாட், 1 மீட்டர்' என்பதுபோல ஒரு வரி இருக்கும். பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்ணைவிட இந்தச் சின்ன வரிதான் முக்கியம். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எவ்வளவு சத்தம் வரும் என்பதே அதன் பொருள். காம்பராவில் நாம் உட்காருவது இரண்டரை மீட்டர் தள்ளி என்று வைப்போம். சுவர்கள் ஒலியைத் திருப்பித் தருவதால் இழப்பு சுமார் 5 டெசிபல்தான். ஆக, ஒரே ஒரு வாட்டில் 82 டெசிபல்! பத்து வாட்டில் 92. வாட்டை இருமடங்காக்கினால் 3 டெசிபல்தான் ஏறும். காதுக்குச் சத்தம் இருமடங்காகத் தோன்ற வாட் பத்து மடங்காக வேண்டும். பெரிய திரையரங்குகளின் அளவுகோலின்படி ஒரு சேனலின் உச்சம் 105 டெசிபல். அதை இந்த அறையில் எட்ட 200 வாட் வேண்டும். ஆனால் அதை இந்த அறையில் யாரும் கேட்கத் தேவையில்லை. ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டியான ரிசீவர் முப்பது, நாற்பது நிஜ வாட் தந்தாலே காம்பராவுக்குத் தாராளம்.

நிஜ வாட் என்பதை அழுத்திச் சொல்கிறேன். 'பி.எம்.பி.ஓ' என்ற பெயரில் வரும் ஆயிரங்கள் வெறும் விளம்பரக் கணக்கு. பார்க்கவேண்டியது 'ஆர்.எம்.எஸ்'. அதிலும் 8 ஓமில், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனலும் சேர்ந்து ஓடும்போது எவ்வளவு என்று கேட்கவேண்டும். ஒரு சேனல் மட்டும், 6 ஓம், 1,000 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருந்தால் அந்த எண்ணைக் கணிசமாகக் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பீக்கரின் திறன் எவ்வளவு விளையாடும் என்பதற்குத் தோட்டத்திலேயே சாட்சி உண்டு. மாரியம்மன் திருவிழாவில் மரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கருக்கு முப்பது வாட்தான் போகும், பாட்டு அடுத்த டிவிஷன் வரைக்கும் கேட்கும். ஒரு வாட்டுக்கு அது 105 டெசிபலுக்கு மேல் தருகிறது. 87 டெசிபல் வீட்டு ஸ்பீக்கரோ தனக்கு வரும் மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்கைக்கூட ஒலியாக்குவதில்லை, மீதி எல்லாம் சூடு. குழாயில் பேஸ் கிடையாது, அதனால் வீட்டுக்கு ஆகாது. ஆனால் 90 டெசிபல் ஸ்பீக்கருக்கு 87 டெசிபல் ஸ்பீக்கரின் பாதி வாட் போதும் என்ற பாடம் அதில் இருக்கிறது. சிறிய ரிசீவர் வைத்திருப்பவர் தேடவேண்டியது அதைத்தான்.

உயரமும் ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறது. 1,868 மீட்டர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி கொழும்பைவிட ஏறத்தாழ 16 சதவீதம் குறைவு. தள்ளுவதற்குக் காற்று குறைந்தால் ஸ்பீக்கர் தரும் ஒலியும் குறையும். இழப்பு ஒன்றரை டெசிபல், காது பெரிதாகக் கவனிக்காது. மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கு எரியும்போது வோல்டேஜ் பத்து சதவீதம் இறங்கினாலும் போவது ஒரு டெசிபல்தான். ஆனால் ரிசீவருக்குள் இருக்கும் ஆம்பின் எல்லை அப்போது கொஞ்சம் முன்னதாகவே வந்துவிடும். எல்லை தாண்டிய ஆம்ப் அலையின் தலையை வெட்டித் தள்ளுகிறது, அந்த வெட்டுப்பட்ட அலைதான் உயர்ந்த ஒலிகளைத் தரும் ட்வீட்டரைச் சுடுகிறது. சத்தம் கரகரக்கத் தொடங்கிய இடத்தில் கையை எடுத்துவிடவேண்டும்.

ரிசீவருக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள உண்மையான பொருத்தம் ஓம். பழைய செட்டில் ஆம்ப் பெட்டி செத்துப்போய் ஸ்பீக்கர்கள் மட்டும் நல்லபடி இருக்கும். அவற்றைப் புதிய ரிசீவரில் மாட்டலாமே என்று தோன்றும். மாட்டுமுன் பின்பக்கம் பாருங்கள். அத்தகைய செட் ஸ்பீக்கர்களில் பெரும்பாலும் 3 ஓம், 4 ஓம் என்றுதான் இருக்கும். 20 வோல்ட் கொடுக்கும் ரிசீவரிலிருந்து 8 ஓம் ஸ்பீக்கர் இழுப்பது இரண்டரை ஆம்பியர், 3 ஓம் ஸ்பீக்கர் இழுப்பது கிட்டத்தட்ட ஏழு. '6 ஓம் முதல்' என்று எழுதிய ரிசீவர் அதைத் தாங்காது. சூடேறி அணைந்தால் அதிர்ஷ்டம், அணையாவிட்டால் வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் போய்விடும். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரை ஒரே முனையில் சமாந்தரமாகக் கொடுத்தாலும் 4 ஓம்தான் என்பதை மறக்கக்கூடாது.

எத்தனை ஸ்பீக்கர்? 5.1 அமைப்பில் முன் இரண்டும் நேர்க்கோட்டிலிருந்து 30 பாகை விலகியும், பக்க இரண்டும் 100 முதல் 120 பாகை வரை சற்றுப் பின்னாலும் இருக்கவேண்டும். பத்தடி அகலத்தில் பக்க ஸ்பீக்கர் காதோரம் வந்து நிற்கும், ஓரத்தில் உட்கார்ந்தவர் அதை மட்டும்தான் கேட்பார். பீதுருதாலகால உச்சியிலிருந்து ரூபவாஹினி அனுப்புவதும், டிஷ் வழியாக வரும் நாடகமும் செய்தியும் பாட்டும் பெரும்பாலும் இரண்டு சேனல் ஒலிதான். ஆகவே ஐந்து மட்டமான ஸ்பீக்கரின் விலைக்கு இரண்டு நல்ல ஸ்பீக்கர் வாங்குங்கள். குடும்பமாக வரிசையில் உட்கார்ந்து பார்ப்பதானால் நடு ஸ்பீக்கர் ஒன்றைச் சேருங்கள். ஓரத்தில் இருப்பவருக்கும் வசனம் திரையிலிருந்து வர அதுவே வழி. மற்றவை பெரிய அறை வாய்க்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

சப் ஊஃபர் விஷயம் வேறு. லயத்தில் சுவர் இரண்டு குடும்பங்களுக்குப் பொது. சில பழைய லயன்களில் இடைச்சுவர் கூரைவரை எட்டுவதுகூட இல்லை. சுவர் உயர் அதிர்வெண் ஒலியை ஓரளவு தடுக்கும், அதிர்வெண் பாதியாகும்போது அந்தத் தடுப்பு சுமார் 6 டெசிபல் இறங்கிக்கொண்டே போகும். வசனம் இங்கேயே நின்றுவிட, குண்டு வெடிப்பது மட்டும் பக்கத்து வீட்டுக்குப் போகிறது. விடிந்தால் கொழுந்துக்குப் போகவேண்டிய பெண் அந்தச் சுவருக்கு அப்பால் தூங்குகிறாள். லயத்தில் சப் ஊஃபர் வேண்டாம் என்றே சொல்வேன். ஐந்தரை, ஆறரை அங்குல ஊஃபர் உள்ள இரண்டு ஸ்பீக்கரே அங்கே போதுமானது. இரவில் ரிசீவரின் 'நைட் மோட்' வெடிச்சத்தத்தை அமுக்கி வசனத்தை உயர்த்தும்.

ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடு கிடைத்தவர்களின் நிலை மாறிவிட்டது. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் முதலில் 4,000 வீடுகள், 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் அறிவித்த மேலும் 10,000 என்று வருபவை 550 சதுர அடி வீடுகள். நான்கு பக்கமும் சொந்தச் சுவர். இங்கே சப் ஊஃபருக்கு இடமுண்டு. ரிசீவரில் 80 ஹெர்ட்ஸில் பிரித்து, கீழுள்ளதை அதற்கு அனுப்புங்கள். அந்த அலையின் நீளம் நாலு மீட்டருக்கு மேல், அதனால் சத்தம் எந்த மூலையிலிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடாது. இடம் தேட ஒரு வழி: சப் ஊஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் இருக்கையின் மேல் வையுங்கள். பேஸ் நிறைந்த ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சுவரோரமாக முட்டிபோட்டு நகர்ந்து கேளுங்கள். மூலையில் குமுறும், வாசலருகே காணாமல் போகும். எங்கே ஒவ்வொரு சுரமும் சமமாகக் கேட்கிறதோ அங்கே ஒரு சோக்கட்டியால் கோடு போடுங்கள். சப் ஊஃபரின் இடம் அதுதான்.

பாவித்த ஸ்பீக்கர் வாங்குவதானால் முன் துணியைக் கழற்றச் சொல்லுங்கள். கூம்பைச் சுற்றி வளையம் ஒன்று இருக்கும். அது ரப்பரா, பஞ்சா என்று பாருங்கள். பஞ்சானால் விரல் நுனியால் மெல்லத் தொடுங்கள். நம் ஈரக் காற்று அந்தப் பஞ்சை உள்ளுக்குள்ளேயே சிதைக்கிறது. வெளிப்பார்வைக்கு முழுசாக இருப்பது விரல் பட்டதும் கரும்பொடியாகக் கையோடு வரும். ரப்பர் வளையம் பல ஆண்டு தாங்கும். கூம்பில் வெண்பூஞ்சை, பெட்டியின் அடிப்பலகையில் வீக்கம், இரண்டும் விலையைக் குறைக்கும் காரணங்கள் அல்ல, வேண்டாம் என்று எழுந்து வரும் காரணங்கள். வீட்டில் குளிர்ந்த வெளிச்சுவரோடு ஸ்பீக்கரை ஒட்டி வைக்காமல் ஒரு சாண் தள்ளி வைத்தால் ஈரமும் ஏறாது, குமுறலும் குறையும்.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் வானம் கறுத்து இடி இடிக்கும். அப்போது ரிசீவரின் சுவிட்சை அணைப்பது பத்தாது. பிளக்கைச் சுவரிலிருந்து உருவுங்கள். கூரையிலிருக்கும் டிஷ்ஷின் கேபிளையும் டிஷ் பெட்டியிலிருந்து கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாகவும் எச்.டி.எம்.ஐ வயரைப் பிடித்து ரிசீவருக்குள் வரும்.