ட்ரோன் கொண்டு மருந்து தெளிப்போர் விமான நிலைய வானிலை அறிக்கையைப் பயன்படுத்தும் முறை

கைத்தெளிப்பானால் ஏக்கருக்கு 150 முதல் 200 லிட்டர் வரையில் மருந்து நீர் செலவாகும் பயிருக்கு, ட்ரோன் என்னும் ஆளில்லாச் சிறு விமானம் ஏறக்குறைய 10 லிட்டரிலேயே வேலையை முடித்துவிடுகிறது. குறைவது நீரேயன்றி மருந்தன்று. ஆகவே ட்ரோனிலிருந்து விழும் ஒவ்வொரு துளியும் பன்மடங்கு காரமுள்ளது. மேலும் அது மிக நுண்ணியதாகையால் காற்றின் வசப்பட்டது. நெல் வயலில் அகன்ற இலைக் களைகளை ஒழிக்கத் தெளிக்கும் 2,4-டி மருந்து அண்டை வயலின் பருத்தியில் பட்டால் அதன் இலைகள் சுருங்கித் திரிந்து காய்ப்புக் கெடும். புழு மருந்து மல்பெரித் தோட்டத்திற் படிந்தால் அவ்விலையை உண்ட பட்டுப் புழுக்கள் மடியும். இவ்வித நஷ்டம் வெளிப்படும்போது ட்ரோன் ஓட்டுநர் வேறு ஊருக்குப் போயிருப்பார். அண்டை வயற்காரருக்கு மறுமொழி சொல்ல வேண்டியவர் நிலத்துக்குடையவரே. ஆதலால் காற்றைப் பற்றிய விஷயத்தை ஓட்டுநர் பொறுப்பென்று விட்டுவிடாமல், நிலத்துக்குடையவரும் ஓரளவு அறிந்திருத்தல் அவசியம்.

ஆகாயத்திலிருந்து மருந்து தூவுதல் இக்காலத்துப் புதுமையன்று. 1921-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 3-ஆம் தேதி அமெரிக்காவில் ஓஹையோ மாகாணத்தில், மரத்தோப்பு ஒன்றிலிருந்த புழுக்களை அழிக்க விமானத்திலிருந்து ஈய ஆர்சனேட்டுத் தூள் தூவப்பட்டது. அன்று விமானம் காற்று வரும் பக்கமாகவே பறந்தது. தூளைத் தோப்பின்மேல் கொண்டு சேர்த்தது காற்றுதான். அன்று உதவிய அக்காற்றே இன்று அடுத்த வயலுக்குத் தீங்கு செய்யவும் வல்லது.

விமானங்கள் பத்திரமாய் ஏறி இறங்கும்பொருட்டு, சென்னை, திருச்சி, மதுரை, கோயமுத்தூர் முதலிய விமான நிலையங்களிலுள்ள வானிலை அலுவலகங்கள் பெரும்பாலும் அரை மணிக்கொரு முறை அவ்விடத்து நிலைமையைக் குறித்து வெளியிடுகின்றன. இவ்வறிக்கைக்கு மெட்டார் என்று பெயர். கைபேசியின் மூலம் எவரும் இதனைக் காணலாம். சுருக்கக் குறிகளாலானதால் முதலில் மிரட்டும். ஆயினும் அடங்கல் கணக்கை வாசிக்கப் பழகியவர்களுக்கு இது கடினமன்று.

உதாரணமாக, திருச்சி அறிக்கை ஒன்று இவ்வாறிருப்பதாகக் கொள்வோம்: வி-ஓ-டி-ஆர், 120030-இசட், 27004-கே-டி, 5000, எச்-இசட், எஸ்-சி-டி-018, 27/22, க்யூ-1008. முதற்குறி நிலையத்தின் பெயர். வி-ஓ எனத் தொடங்குவன யாவும் தென்னிந்திய நிலையங்கள். அடுத்தது தேதியும் நேரமும். 12-ஆம் தேதி, 0 மணி 30 நிமிஷம். இசட் என்ற எழுத்து இது உலகப் பொது நேரம் என்பதைக் காட்டும். இதனுடன் ஐந்தரை மணியைக் கூட்டினாலன்றி இந்திய நேரம் கிடையாது. ஆகவே இது காலை 6 மணி அறிக்கை. இக்கூட்டலை மறந்து, விடியற்காலத்துக் காற்றை நள்ளிரவுக் காற்றென்று எண்ணுவோர் பலர்.

மூன்றாவது குறியே தெளிப்போருக்கு முக்கியமானது. 270 என்பது காற்று எத்திசையிலிருந்து வருகிறதென்பதைப் பாகையில் கூறும். வடக்கு 360, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270. எனவே இது மேல்காற்று. மருந்து கிழக்கு நோக்கிச் செல்லும். 04 என்பது வேகம், நாட் என்னும் அளவில். ஒரு நாட் மணிக்கு 1.852 கிலோமீட்டராகையால், இக்காற்று மணிக்கு ஏழரைக் கிலோமீட்டர் வேகமுடையது. மணிக்கு 3 கிலோமீட்டருக்குக் குறையாமலும் 15-க்கு மிகாமலும் ஒரே திசையில் வீசும் காற்றே தெளிப்புக்கு ஏற்றதென்று பொதுவாகக் கொள்ளப்படுவதால், இந்நிலை அனுகூலமே. பிற்பகலில் அதே நிலையம் 27016-ஜி-27 என்று அறிவிக்குமாயின், சராசரி வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர், ஜி என்ற எழுத்தின் பின்வரும் வீச்சு 50 கிலோமீட்டர். அப்போது ட்ரோனைப் பெட்டியிலிருந்து எடுக்கவே வேண்டுவதில்லை. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றுக்கு எதிர்ப்பட்ட பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்தாருக்கு இதனைக் கூறவேண்டியதில்லை.

மற்றக் குறிகளை விரைவிற் சொல்லலாம். 5000 என்பது கண்ணுக்கெட்டும் தூரம், மீட்டரில். 9999 என்றிருந்தால் 10 கிலோமீட்டரோ அதற்கு மேலோ ஆகும். எச்-இசட் என்பது புழுதி மூட்டம். எஸ்-சி-டி-018 என்பது சிதறிய மேகங்கள் 1,800 அடி உயரத்தில் உள்ளன என்பதாம். க்யூ-1008 காற்றழுத்தம்.

27/22 என்பதில் முன்னது உஷ்ணம், பின்னது பனிநிலை, அதாவது எவ்வளவு குளிர்ந்தால் காற்றிலுள்ள ஈரம் பனியாகப் படியுமோ அந்நிலை. இவ்விரண்டிற்கும் இடைவெளி ஐந்து டிகிரி இருப்பதால் காற்றில் ஏறக்குறைய நூற்றுக்கு 74 பங்கு ஈரப்பதம் உண்டு. கோடைப் பிற்பகலில் 37/19 என்று கண்டால் ஈரப்பதம் 35 பங்குக்கு இறங்கியிருக்கும். நுண்துளிகள் இலையைச் சேருமுன்னரே வற்றிச் சிறுத்துக் காற்றோடு மிதந்து போகும். மருந்து வாங்கிய பணம் வானத்திற் கரைவது இவ்வாறுதான்.

காற்று அதிகமாயிருந்தால் தெளிக்கலாகாதென்பதை எவரும் ஒப்புவர். காற்றே இல்லாத வேளைதான் மிக நல்லதென்று நினைப்பதே பெருந்தவறு. தை, மாசி மாதங்களில் மேகமற்ற இரவில் நிலம் தன் உஷ்ணத்தை விரைவில் இழக்கிறது; நிலத்தையொட்டிய காற்று குளிர்ந்து கனமாகிக் கீழே தங்க, அதன்மேல் வெப்பமான காற்று மூடிபோல் கவிகிறது. அப்போது மேலும் கீழும் காற்றுக் கலப்பதில்லை. நுண்துளிகள் கீழே விழாமலும் மேலே சென்று கலையாமலும் கூட்டமாக மிதந்து, பள்ளமான பக்கம் மெல்ல நகர்ந்து, வெகுதூரத்திலுள்ள பயிரின்மேல் ஒருங்கே படியும். அறிக்கையில் 00000-கே-டி என்ற குறியும், 22/21 போன்று நெருங்கிய எண்களும், எப்-ஜி அல்லது பி-ஆர் என்னும் மூடுபனிக் குறியும் சேர்ந்து காணப்படுமாயின் இந்நிலையைச் சந்தேகிக்கலாம். வயலில் நின்று பார்ப்பவருக்கு அடையாளம் இன்னும் தெளிவு: அடுப்புப் புகையோ செங்கற்சூளைப் புகையோ மேலெழாமல் பாய் விரித்தாற்போல் படர்ந்து நிற்கும்; தொலைவிலுள்ள ரயிலின் ஓசை அருகிற் கேட்பதுபோல் கேட்கும். சூரியன் உதித்து ஒன்றரை இரண்டு மணி நேரம் சென்று, புகை மேலெழுந்து கலையத் தொடங்கி, இலை அசையும் அளவு காற்று ஒரு திசையில் நிலைத்த பின்னரே தெளிக்கத் தொடங்கவேண்டும்.

விமான நிலையத்தின் காற்று விமான நிலையத்திற்கே உரியது. அங்கு காற்றளவி திறந்த வெளியில் 10 மீட்டர் உயரத்தில் நிறுவப்பட்டிருக்கிறது. அறிக்கையிலுள்ள வேகம் பத்து நிமிஷச் சராசரி. ட்ரோனோ பயிருக்குமேல் இரண்டு மூன்று மீட்டரில் பறப்பது. புல்தரையில் 2 மீட்டர் உயரத்துக் காற்று 10 மீட்டர் உயரத்துக் காற்றில் ஏறக்குறைய முக்கால் பங்கு. தென்னந்தோப்பின் மறைவில் இன்னும் குறையும், தோப்பின் இடைவெளியில் திடீரென மிகும். தூரமும் ஏமாற்றும். சித்திரை, வைகாசியில் திருச்சி மேல்காற்றை அறிவிக்கும் நண்பகலில், வேதாரணியத்தில் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசத் தொடங்கியிருக்கலாம். அறிக்கையை நம்பி மருந்து கிழக்கே போகுமென்று எண்ணியவரின் மருந்து மேற்கே போகும். ஆகையால், இன்று புறப்படலாமா என்பதற்கு அறிக்கையையும், இவ்வயலில் இப்பொழுது தெளிக்கலாமா என்பதற்குக் கையிலடங்கும் காற்றளவியையும் கேட்க வேண்டும். அக்கருவியின் விலை, ஒரு முறை பருத்திக்கு நஷ்டஈடு கொடுப்பதைவிட மிகக் குறைவு.

நடப்பைக் கூறும் மெட்டாரன்றி, வரப்போவதைக் கூறும் டாப் என்ற அறிக்கையும் உண்டு. அதில் டெம்போ என்பது சிறிது நேரமே நிலவும் மாறுதல். பெக்மிங் என்பது படிப்படியாக வந்து நிலைக்கும் மாறுதல். டி-எஸ் என்னும் இடிமழைக் குறியும், சி-பி என்னும் இடிமேகக் குறியும் பிற்பகலுக்குக் காணப்பட்டால் முற்பகலோடு வேலையை நிறுத்துவது நலம். இடிமேகம் பல கிலோமீட்டர் தொலைவிலிருக்கும்போதே அதிலிருந்து இறங்கும் குளிர்காற்று தரையோடு பாய்ந்து வந்து, காற்றின் திசையை ஓரிரு நிமிஷத்தில் மாற்றிவிடும். மழை வராவிட்டாலும் ட்ரோன் தப்புவது அரிது.

விமான நிலையத்திற்கு அண்மையிலுள்ள கிராமத்தாருக்கு வேறொரு ஜாக்கிரதையும் வேண்டும். 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி, நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையில் 200 அடிக்குமேல் பறக்க முன் அனுமதி தேவை. 8 கிலோமீட்டருக்குள் தாழப் பறப்பதற்கும் அனுமதியின்றி இயலாது.

கிராம அதிகாரிகளிடம் மருந்து பரவிய புகார் வரும்போது, சர்வே நம்பரும் பயிரும் கேட்கப்படுகின்றன. காற்றைப் பற்றி எவரும் குறித்து வைத்திருப்பதில்லை. நிலத்துக்குடையவர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தெளித்த தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், மருந்தின் பெயர், வயலில் அளந்த காற்றின் திசையும் வேகமும், அருகிலுள்ள நிலையத்தின் அவ்வேளை அறிக்கை ஆகியவற்றை எழுதி, ஓட்டுநரின் கையெழுத்தையும் அன்றே பெற்றுக்கொள்ள வேண்டும். அண்டை வயலில் பருத்தியோ மல்பெரியோ மீன் குட்டையோ எத்திசையில் உள்ளதென்பதையும் அதே பக்கத்தில் குறிப்பது நன்று.