ஊராட்சித் தேர்தலும் ஓட்டுச் சாவடி முன்னேற்பாடும்

ஊராட்சித் தேர்தலைச் சிறிய தேர்தல் என்று சொல்வது வழக்கம். பரப்பளவில் அது சிறியதுதான். ஆனால் ஓட்டுச் சாவடியில் பணிபுரியும் அலுவலரைக் கேட்டால், சட்டமன்றத் தேர்தலைவிட இதற்கே அதிக ஆயத்தம் தேவை என்பார். அங்கே ஒருவருக்கு ஓர் ஓட்டு. இயந்திரத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் முடிந்தது. கிராமத்து வாக்காளருக்கோ நான்கு ஓட்டுகள். 2019 டிசம்பர் 27, 30 ஆகிய தேதிகளில் தமிழ்நாட்டின் 27 மாவட்டங்களுக்கு நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் சீட்டும் பெட்டியுமே பயன்பட்டன. அத்தேர்தலுக்கு அறிவிக்கப்பட்ட இடங்கள் 91,975. அவற்றில் 76,746 கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர் பதவிகள். 9,624 ஊராட்சித் தலைவர் பதவிகள். ஒன்றிய வார்டுகள் 5,090. மாவட்ட ஊராட்சி வார்டுகள் 515.

இத்தொகையில் பெரும்பங்கு வார்டு உறுப்பினர் பதவிகளே என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு வார்டில் சில நூறு பேரே வாக்காளர்கள். அங்கே இரண்டு மூன்று சீட்டுகள் செல்லாமற் போனால் முடிவே மாறிவிடும். இருவருக்கும் சம ஓட்டு விழுந்தால் குலுக்கல் சீட்டுத்தான் உறுப்பினரைத் தீர்மானிக்கும். ஆகவே அலுவலரின் சிறு கவனக்குறைவு, பெரிய தேர்தலில் கணக்கில் கரைந்துபோவதுபோல் இங்கே கரைவதில்லை.

சீட்டுகளுக்கு நிறம் வகுத்திருப்பதன் காரணமும் இதுவே. வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய வார்டுக்குப் பச்சை, மாவட்ட வார்டுக்கு மஞ்சள். ஒரே சாவடியில் இரண்டு வார்டுகளுக்கு ஓட்டுப்பதிவு நடந்தால், ஒன்றுக்கு வெள்ளையும் மற்றொன்றுக்கு நீலமும் தரப்படும். அடுத்த வார்டுக்காரருக்குரிய சீட்டை ஒருவருக்குக் கொடுத்துவிட்டால் அத்தவற்றைப் பின்னர் திருத்த வழியில்லை. மேலும், ஏதேனும் ஒரு பதவிக்குப் போட்டியின்றி ஒருவர் தேர்வாகியிருந்தால் அந்த நிறச் சீட்டு அச்சாவடிக்கு வராது. எந்த வார்டுக்கு எத்தனை சீட்டு என்பதை முதல் நாள் மாலையிலேயே எழுதி மேஜையருகில் ஒட்டிவைப்பது புத்திசாலித்தனம்.

முதல் நாள் ஒன்றிய அலுவலகத்தில் பெட்டி, சீட்டுக்கட்டுகள், வாக்காளர் பட்டியல், மை, அரக்கு, உறைகள் முதலியவற்றைப் பெறுகிறார்கள். பெற்ற இடத்திலேயே சீட்டுகளின் வரிசை எண்களைத் தொடக்கம் முதல் கடைசி வரை புரட்டிப் பார்த்துவிட வேண்டும். ஓர் எண் விடுபட்டிருந்தாலும் இரட்டித்திருந்தாலும் அங்கே சொன்னால் அது அச்சகத்தின் பிழை. மறுநாள் மாலையில் சொன்னால் சாவடியின் மேல் விழும் சந்தேகம். பாவில் அறுந்த இழையைப் பார்த்துப் பிணைக்காமல் தறியில் ஏற்றினால் என்ன நேரும் என்று நம் நெசவாள அங்கத்தினர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சீட்டை மடிக்கும் விதத்தைப் பலர் அற்ப விஷயமாக நினைக்கிறார்கள். அது தவறான எண்ணம். வேட்பாளர்களின் சின்னங்கள் சீட்டில் மேலிருந்து கீழாக வரிசையாக இருக்கின்றன. வாக்காளர் முத்திரையிட்டதும் ஈரம் காயாமலே மடிக்கிறார். குறுக்காக முதலில் மடித்தால் ஈர மை வேறொரு வேட்பாளரின் கட்டத்தில் படிந்துவிடும். நெடுக்காக முதலில் மடித்தாலோ, கறை அதே வேட்பாளரின் வரிசைக்குள்ளேயே படியும். பின்பு குறுக்காக மடிக்கலாம். ஆகையால் அலுவலர் சீட்டை இம்முறையில் ஒரு தடவை மடித்து, மீண்டும் விரித்து வாக்காளரிடம் தருகிறார். மடிப்புத் தடம் இருப்பதால் வாக்காளரும் அப்படியே மடிப்பார்.

முத்திரையின் வடிவத்திலும் ஒரு நுட்பம் உண்டு. அது வெறும் பெருக்கற்குறி அன்று. அம்பு முனைகள் ஒரே திசையில் சுழல்வதுபோல் அமைந்தது. மடிப்பினால் படிந்த கறையில் அச்சுழற்சி கண்ணாடியில் தெரிவதுபோல் எதிர்த்திசையில் இருக்கும். எது வாக்காளர் இட்டது, எது தானாகப் படிந்தது என்பதை எண்ணும் அலுவலர் இதனால் கண்டுகொள்கிறார். இக்காரணத்தைப் பயிற்சி வகுப்பில் விளக்காமல், 'இப்படி மடியுங்கள்' என்று மட்டும் சொல்லி அனுப்புவது போதாது என்பது நம் அபிப்பிராயம். காரணம் தெரியாத விதியை, கூட்டம் நெருக்கும் பத்து மணிக்கு எவரும் நினைவில் வைப்பதில்லை.

சீட்டின் பின்புறம் சாவடியின் அடையாள முத்திரையும் தலைமை அலுவலரின் கையொப்பமும் இருக்க வேண்டும். இவை இல்லாத சீட்டு எண்ணும் மேஜையில் தகராறுக்கு இடமாகும். அடிக்கட்டையில்தான் வாக்காளரின் பட்டியல் எண்ணும் கையொப்பமும் அல்லது ரேகையும் பெறப்படும். சீட்டின் மேல் வாக்காளரைக் காட்டும் எந்தக் குறிப்பும் எழுதலாகாது. எழுதினால் இரகசியம் போயிற்று. 1962 பொதுத்தேர்தல் முதல் வழக்கத்திலிருக்கும் அழியாத மையை இடக்கை ஆள்காட்டி விரலில் இட்ட பிறகே சீட்டைத் தருவது நல்லது. அதற்குள் மை காய்ந்துவிடும். மைக்குப்பி கவிழாதிருக்க ஒரு கிண்ணத்தில் மணல் நிரப்பி அதில் ஊன்றி வைப்பார்கள்.

நம் அங்கத்தினர்களுள் சிலர் வேட்பாளரின் முகவர்களாகச் சாவடியில் அமர்வதுண்டு. அவர்கள் காலை ஏழு மணிக்கு வருவதில் பயனில்லை. ஓட்டுப்பதிவு தொடங்குமுன் வெறும் பெட்டியைத் திறந்து காட்டும்போது உடனிருந்து பார்க்க வேண்டும். தாள் முத்திரையில் கையொப்பமிட்டு அதன் எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

மாலையில் நேரம் முடியும் தருணத்தில் வரிசையில் நிற்பவர்களுக்கு அடையாளச் சீட்டு கொடுப்பார்கள். அதை வரிசையின் கடைசி ஆளிடமிருந்து தொடங்கி முன்னோக்கிக் கொடுத்துவர வேண்டும். முன்னாலிருந்து தொடங்கினால், கொடுத்து முடிப்பதற்குள் பின்னால் புதியவர்கள் சேர்ந்துகொள்வார்கள். பதிவு முடிந்ததும் சீட்டுக் கணக்கு எழுதப்படும்: பெற்றவை எத்தனை, வழங்கியவை எத்தனை, கெட்டுத் திரும்பியவை எத்தனை, மிச்சம் எத்தனை என்று நிறவாரியாக. அத்தொகைகளை முகவர்களும் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டால், பெட்டி திறக்கும் நாளில் ஒத்துப்பார்க்க உதவும்.